நல்ல இடம், நூறு ஜிபி

செப்டம்பர் 8

நல்ல இடம், நல்ல இடம் என்று ஆறு மாதமாக எல்லாரும் சொல்லிச் சொல்லி, ஒருவழியாக அந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். திருப்பூர், அனுப்பர்பாளையம், மாடி வீடு. என் வீட்டுக்காரர் பெயர் பூபதி. பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் வரைந்து கொடுக்கிறார். மாமனார் இல்லை. அத்தை கீழ் அறையில் ஓவர்லாக் மிஷின் போட்டுத் தைக்கிறார். குடும்பம் அவ்வளவுதான்.

சீர் சாமான்களை ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. யாரும் பார்க்காத சீர் ஒன்று கூறைப்புடவை மடிப்புக்குள் இருக்கிறது. என் ஹார்ட் டிஸ்க்கும் கன்ட்ரோலரும். அந்த டிஸ்க்கில்தான் 'மலைச்சாலை' இருக்கிறது. கார்ப் பந்தய விளையாட்டு, நூறு ஜிபி. ஆன்லைன் லீக்கில் நான் இப்போது இரண்டாவது இடம். 'தாராபுரம் எக்ஸ்பிரஸ்' என்றால் ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். முதல் இடத்தில் கோத்தகிரி ஆள் ஒருவன். கடைசிப் பந்தயம் அக்டோபர் ஒன்று சாயங்காலம், எல்லாருக்கும் லீவு என்று அந்த நாளைப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

"கல்யாணம் ஆயிட்டா அதெல்லாம் தானா உட்டுப்போயிரும்" என்று அம்மா சொன்னாள். விடாது. நானும் விடமாட்டேன். ஒன்றாம் தேதி ஓட்டியே தீருவேன், இந்த நோட்டின் மேல் சத்தியம்.

மாப்பிள்ளை வீட்டில் நல்ல கம்ப்யூட்டர் இருக்கிறது என்று தரகர் சொன்னதை நம்பித்தான் என் பழைய மிஷினைத் தாராபுரத்திலேயே விட்டு வந்தேன். இன்று பார்த்தேன். மேக். நட்சத்திரம் கேட்டோம், குலக் கூட்டம் கேட்டோம், குலதெய்வம் கேட்டோம். மேக்கா விண்டோஸா என்று ஒரு மனுஷர் கேட்கவில்லையே!

செப்டம்பர் 9

அரிசிம்பருப்புச் சோறு செய்தேன். உப்பு தூக்கல். மோர் நிறையச் செலவானது.

செப்டம்பர் 11

அத்தை கோயிலுக்குப் போன சமயம் பார்த்து டிஸ்க்கை மேக்கில் சொருகினேன். உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது. காரைக் கிளிக் செய்தால் மட்டும் கல்லு மாதிரி நின்றது. நான் அதைத் திட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் இவர் நின்றிருக்கிறார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. நான் திட்டியதை எல்லாம் கேட்டிருந்தால் என் மானம் போச்சு.

"என்னது இது?"

"டிஸ்க்குங்க."

"அது தெரியுது. பேரு 'தொடாதே'ன்னு போட்டிருக்குதே."

"அது என்ற தம்பிக்காக வெச்சதுங்க."

சிரித்தாரா என்று சரியாகத் தெரியவில்லை. மீசை லேசாக அசைந்தது. விஷயத்தைச் சொன்னேன். பந்தயம், லீக், ஒன்றாம் தேதி, எல்லாம். மூச்சு விடாமல் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

"இது விண்டோஸ்ல தயார் பண்ணின டிஸ்க்கு. மேக் இதப் படிக்கும். எழுதாது."

"அப்படின்னா?"

"உள்ள என்ன இருக்குதுன்னு பாத்துக்கலாம். ஒண்ணையும் வெக்க முடியாது, மாத்த முடியாது."

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஞாபகம்தான் வந்தது. வந்த நாளாகப் பார்க்கிறார், பார்க்கிறார், வாயைத் திறந்து ஒரு வார்த்தை கிடையாது.

டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால் மேக்கிலும் எழுதலாமாம். ஆனால் உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்துபோகும். அதற்கு முன்னால் நூறு ஜிபியை வேறெங்காவது நகர்த்தி வைக்கவேண்டும். மேக்கிலோ இடமே இல்லை. எதனால் நிறைந்திருக்கிறது என்று கேட்டேன். ஐயோ, கேட்டிருக்கக் கூடாது. மனிதர் அப்படியே மாறிவிட்டார்! எல்லாம் பறவைகள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நஞ்சராயன் குளத்துக்குப் போய்ப் படம் எடுக்கிறார். ஆறு வருஷமாக. வாத்து, நாரை, கொக்கு, நான் பேர் கேள்விப்படாத ஏதேதோ. ஒவ்வொன்றையும் காட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னார். செங்கால் நாரை ஒன்று மட்டும் இத்தனை வருஷத்தில் கண்ணில் படவே இல்லையாம். என்றைக்காவது அந்தக் குளத்துக்கு வரும் என்று காத்திருக்கிறாராம்.

"உன்ற பேருலயே குயிலு இருக்குது, கோகிலா" என்றார் கடைசியில். சொல்லிவிட்டு உடனே தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், மேக்கில் இடம் இல்லை என்பதற்காகத்தான்.

செப்டம்பர் 13

இன்று நடந்த கூத்தை என்னவென்று எழுத!

விண்டோஸ் விளையாட்டை மேக்கில் ஓட்ட ஒரு மென்பொருள் இருக்கிறது. விண்டோஸ் பேசுவதை மேக்குக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்லும். அதன் பெயர் வைன். நானும் இவரும் அறைக்குள் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அத்தை காபியோடு கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார்.

"வைன் இல்லாம ஒண்ணும் ஓடாதுங்க."

"சரி, இன்னைக்கே ஏத்திப் பாத்தர்லாம்."

"பழசா, புதுசா?"

"புதுசு ஏத்துனாத்தான் சீக்கிரம் வேல செய்யுமாம்."

காபி வரவில்லை. அரை மணி நேரத்தில் தாராபுரத்திலிருந்து அம்மா போன். "ஏண்டி, போயி ஒரு வாரம் ஆகல, அந்தப் பையனுக்கு வைன் பழக்கி உடறியாமா! சம்பந்தியம்மா போன் பண்ணி அழுகறாங்க, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசறது?"

இவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழப் பார்த்தது. இவருக்கு இப்படிச் சிரிக்க வரும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். அத்தையை மேலே கூட்டி வந்து திரையில் காட்டி விளக்கினோம்.

"குடிக்கிறதில்லயே?"

"இல்லீங்க அத்தை. இது மொழிபெயர்க்கிற சாமான்."

"அதுக்கெதுக்கு அந்தப் பேர வெச்சான், எழவெடுத்தவன்?"

ஆறிப்போன காபியைச் சுட வைத்துக் குடித்தோம்.

செப்டம்பர் 14

ஓடுகிறது! ஓடுகிறது! ஓடுகிறது!

மலை வந்தது, சாலை வந்தது, என் சிவப்புக் கார் வந்தது. நான் போட்ட சத்தத்தில் கீழே ஓவர்லாக் மிஷின் நின்றுபோனது. அத்தை மாடிப்படியில் பாதி தூரம் ஏறி வந்து, "ஆரு உழுந்தது?" என்றார்.

குளத்துக்குப் போகவேண்டிய ஞாயிறு. இவர் போகவில்லை. வெயில் என்று சொன்னார். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 17

ஓடுவது சரி, சத்தம் வரமாட்டேன் என்கிறது. மலைச்சாலையில் சத்தம் இல்லாமல் முடியவே முடியாது. பக்கத்து சீட்டில் ஒருவன் உட்கார்ந்து அடுத்து எந்தப் பக்கம் வளைவு, எவ்வளவு வளைவு என்று சொல்லிக்கொண்டே வருவான். அவன் குரலை நம்பித்தான் கண்ணை மூடாத குறையாகப் பறக்கிறோம். திரை மூலையில் அதே விஷயம் பொடி எழுத்தில் வரும், ஆனால் ஓட்டுகிறவள் அதைப் படித்தால் நேராகப் பள்ளம்தான்.

மூன்று தடவை பள்ளத்தில் விழுந்து, கன்ட்ரோலரைக் கட்டிலில் எறிந்தேன். இவர் அதை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"நீ ஓட்டு. நான் படிக்கறேன்."

முதலில் லெஃப்ட் ரைட் என்றார். வேகத்தில் எனக்கு எந்தக் காலத்திலும் அது விளங்காது, ஓட்டுநர் பள்ளியில் அழுதவள் நான். "எனக்குக் கையச் சொல்லுங்க" என்றேன். அப்புறம்தான் வண்டி பிடித்தது. "சோத்தாங்கை, லேசா. நொட்டாங்கை, நல்லா ஒடிச்சு. இப்ப நேரா, நேரா, அமுத்து, அமுத்து, சோத்தாங்கை!"

நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசாத மனிதர் சாயங்காலம் விடாமல் கத்துகிறார். எனக்குக் காது குளிர்ந்துபோனது. பந்தயத்துக்கு இப்படி ஒரு ஆள் மிகவும் அவசியம், அதனால்.

செப்டம்பர் 20

சண்டை.

ஓட்டிய நேரத்தை விளையாட்டு தன் கோப்புகளுக்குள் எழுதினால்தான் லீக் ஏற்றுக்கொள்ளும். டிஸ்க்கிலோ எழுத முடியாது. ஆகையால் நான் எவ்வளவு பறந்தாலும் பறந்ததற்குச் சாட்சி இல்லை. இணையத்திலிருந்து மறுபடி இறக்கலாம் என்றால் இந்த வீட்டு நெட்டுக்கு அது அடுத்த ஆடியில்தான் முடியும். இவர் லேபிள் கொடுக்கிற கம்பெனி கம்ப்யூட்டரில் சொந்த டிஸ்க் சொருகக் கூடாதாம்.

"புதுசா ஒரு டிஸ்க்கு வாங்கிக்கலாம்" என்றார்.

வேண்டாம் என்றேன். வந்த மாதமே, விளையாட்டுக்கென்று வீட்டில் செலவு வைத்தாள் என்ற பேர் எனக்கு வேண்டாம். அவர் மறுபடி சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வாங்கீட்டு வந்தீங்கன்னா நான் தொட மாட்டேன். பந்தயமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று கத்திவிட்டேன். எனக்கு மூக்கின் நுனியில்தான் கோபம் என்று அம்மா சொல்வது சும்மா இல்லை.

"சரி. வாங்கல" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகும் உட்கார்ந்து வளைவு சொன்னார், கொஞ்சம் சின்னக் குரலில்.

இன்னும் வழி தெரியவில்லை. ஒன்றாம் தேதி நெருங்குகிறது. ஓட்டாமல் விட்டால் லீக்கிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அம்மா சொன்னது பலித்துவிடும்.

செப்டம்பர் 24

கொள்ளுப் பருப்பு நன்றாக வந்தது. இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். பந்தயத்துக்கு இன்னும் வழி இல்லை.

செப்டம்பர் 28

காலையிலிருந்து மேக் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். என் டிஸ்க்கும் அதில் சொருகியிருந்தது. நான் உள்ளே போனதும் மூடிவிட்டார்.

"என்னுங்க?"

"ஒண்ணுமில்ல. லேபிளு."

ஞாயிற்றுக்கிழமை என்ன லேபிள்! மறைக்கிறார். மறைக்கட்டும். நானும் புடவைக்குள் டிஸ்க்கை மறைத்துக் கொண்டுவந்தவள்தானே. இன்றும் குளத்துக்குப் போகவில்லை.

அக்டோபர் 1

விடிந்ததிலிருந்து நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் ஆயுத பூஜை. வீடு கழுவி, மாவிலை கட்டி, சுண்டல், பொரி எல்லாம் ஆயிற்று. நான் அடுப்படியை விட்டு வருவதற்குள் அத்தை எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பொட்டு வைத்துவிட்டார். ஓவர்லாக் மிஷின், கத்தரிக்கோல், அரிவாள்மனை, வாசலில் பைக். சாமி படத்துக்குக் கீழே மேக். அதற்குப் பக்கத்தில் ஒரு வெற்றிலை மேல், விபூதிப் பட்டையும் சந்தனமும் குங்குமமுமாக, என் ஹார்ட் டிஸ்க்.

"அத்தை, இதெதுக்குங்க?"

"உன்ற ஆயுதமல்ல அது? நித்தம் தொடறே. தொடறதையெல்லாம் வெக்கோணுமில்ல, கண்ணு."

என் வீட்டில் ஒருநாளும் அதைப் பூஜையில் வைத்ததில்லை. தூக்கிப் பரண்மேல் போடு என்றுதான் சொல்வார்கள். சந்தோஷத்தில் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனேன். அப்போதுதான் பார்த்தேன். டிஸ்க் சின்னது, பட்டை போட்டதும் பொட்டுக்கு இடம் பற்றவில்லை போல. வயர் சொருகுகிற துளை இருக்கிறதே, அதற்குள் நிறைக்க நிறைக்கச் சந்தனம். அதன்மேல் அழகாகக் குங்குமம்.

ஊக்கால் நோண்டினேன், துணியால் துடைத்தேன். சொருகினால் மேக் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அத்தையிடம் எப்படிச் சொல்வது? ஆசையாக வைத்த சந்தனம்.

இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டிஸ்க்கு தேவையில்ல. காரு மேக்குக்குள்ளயே இருக்குது. ஞாயித்துக்கிழம எடுத்துப் போட்டுட்டேன். சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன். அங்க எழுதும். நேரம் பதியும்."

"எடம் இல்லீன்னு சொன்னீங்களே?"

"எடம் இருந்துச்சு."

யோசிக்க நேரமில்லை. மேக்கைத் தூக்க ஓடினேன். அத்தை குறுக்கே கையை நீட்டிவிட்டார்.

"பூசையில வெச்சத நாளைக்குத்தான் எடுக்கோணும். மிஷின நானே தொடாம உக்காந்திருக்கறேன், பாரு."

நியாயம்தான். ஐந்து மணிக்குப் பந்தயம். என் கண்ணில் மறுபடி தண்ணீர் முட்டிக்கொண்டது. அப்போது இவர் நிதானமாகச் சொன்னார்:

"அம்மா, அது காரு ஓட்டறதும்மா."

"காரா?"

"ஆமா. அஞ்சு மணிக்கு கோகிலா வண்டிய எடுக்கோணும். பந்தயம்."

அத்தை முகம் மாறிவிட்டது. "வண்டின்னு மொதல்லயே சொல்றதில்லயா! வண்டிக்குப் பூச போட்டா அன்னைக்கே ஓட்டோணும். நிறுத்தி வெக்கக் கூடாது. இரு, எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வாரேன்."

வந்தார். மேக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சக்கரம் எங்கே என்று கேட்டார். பிறகு அவரே ஒரு முடிவுக்கு வந்து, "ஓட்டறது நீதான? உன்ற காலுலயே நசுக்கு" என்று பழத்தை என் குதிகாலுக்குக் கீழே வைத்தார். நசுக்கினேன். கற்பூரம் காட்டினார். வண்டி கிளம்பியது.

அப்படி ஒரு ஓட்டத்தை நான் வாழ்க்கையில் ஓட்டியதில்லை. கோத்தகிரி ஆளைப் பாதி மலையிலேயே முந்திவிட்டேன். "சோத்தாங்கை, லேசா! நேரா! நொட்டாங்கை, ஒடி, ஒடி! அமுத்து!" இவர் குரலுக்கு என் விரல் தானாகப் போகிறது. அத்தை பின்னால் நின்று, எங்கே பள்ளம் வந்தாலும் "முருகா" என்கிறார். கடைசி இரண்டு வளைவு. முதல் இடம் என் கையில்.

கடைசி வளைவுக்கு முன்னால் திரையின் ஓரத்தில் ஏதோ வெள்ளையாகப் பறந்தது. இவர் எழுந்து நின்றுவிட்டார்.

"செங்கால் நாரை!"

"சோத்தாங்கையா நொட்டாங்கையா?"

"செங்கால் நாரை, கோகிலா! அங்க பாரு!"

நேராகப் போய்ச் சுவரில் மோதினேன். திருப்பிக்கொண்டு வருவதற்குள் கோத்தகிரிக்காரன் போய்விட்டான். இரண்டாம் இடம்.

அந்தச் சாலையில் எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன். அங்கே ஒரு நாரை பறப்பதையே நான் பார்த்ததில்லை. இவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் வரும் என்று நானே காத்திருந்தேன். சிரிப்புத்தான் வந்தது. வயிறு வலிக்கிற வரை சிரித்தேன். அத்தை ஒன்றும் புரியாமல், "ரெண்டாவதுன்னா பரிசு உண்டல்ல?" என்று கேட்டார்.

நேரம் பதிந்தது. பெயர் பட்டியலில் இருக்கிறது. அம்மா சொன்னது பலிக்கவில்லை.

மோதுகிற நேரத்தில் "சோத்தாங்கையா நொட்டாங்கையா, மாமா?" என்று கேட்டேனாம். இவர் சொல்கிறார். எனக்கு நினைவில்லை. அதுவரை 'ஏனுங்க' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பந்தய வேகத்தில் வாய் என்னவோ உளறியிருக்கும்.

அக்டோபர் 2

காலையில் அந்த நாரையை மறுபடி ஓட்டிக் காட்டலாம் என்று மேக்கைத் திறந்தேன். பக்கத்தில் 'பறவை' என்ற கோப்புறை. அதைத் திறந்தேன்.

காலி.

ஆறு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். ஒன்றுகூட இல்லை. எடம் இருந்துச்சாம்!

பல் துலக்கிக்கொண்டிருந்தவரை அப்படியே இழுத்து வந்து நிறுத்தினேன். "இதென்னுங்க?"

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். "நல்லதா நாலஞ்சு போன்ல இருக்குது."

"மிச்சம்?"

"ஒரே நாரைய நாலு வருசமா எடுத்து வெச்சிருந்தேன். அதுக்கே சலிச்சுப் போயிருக்கும்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "குளம் அங்கயேதான இருக்குது. அதுக எல்லாம் மறுபடி வரும். உன்ற பந்தயம் நேத்து ஒரு நாளுதான், அம்மிணி."

நான் அழுதேன். எழுதி வைக்கிறேன், அழுதேன், பந்தயத்துக்காக இல்லை.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையில் இறங்கினேன். ஊசி முனையில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட் தொட்டு, துளைக்குள் இருந்த சந்தனத்தைக் கடைசிப் பொடி வரை எடுத்தேன். அத்தை எட்டிப் பார்த்து, "அடடா, அங்கயா வெச்சேன்?" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். வெயிலில் காயவைத்துச் சொருகினேன். மேக் கண் திறந்து பார்த்தது. 'தொடாதே' என்ற பெயரோடு வந்து நின்றது.

இனி அதற்குள் எனக்கு ஒன்றும் தேவையில்லை. கார் மேக்குக்குள் இருக்கிறது. டிஸ்க்கை ஃபார்மேட் செய்துவிட்டால் காரை மறுபடி இதற்குள் நகர்த்தலாம், மேக்கில் பறவைகளுக்கு இடம் திரும்பக் கிடைக்கும், டிஸ்க்கில் இன்னும் வேண்டிய மட்டும் இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குளத்துக்கு நானும் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சோத்தாங்கைப் பக்கம் பறக்கிறதா நொட்டாங்கைப் பக்கம் பறக்கிறதா என்று நான் கத்துவேன், அவர் எடுக்கட்டும்.

"இன்னைக்கே பண்ணீரலாமா?" என்று கேட்டார்.

கீழேயிருந்து அத்தைதான் பதில் சொன்னார். "விசயதசமியில்ல! எழுதறதுன்னா இன்னைக்கே எழுதோணும்."

அழிக்கவா என்று மேக் கேட்டது. நானே அழுத்தினேன். புதுப் பெயர் கேட்டது. 'நல்ல இடம்' என்று அடித்தேன்.

அவர் என் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தார். மீசை அசைந்தது. இந்தத் தடவை நிச்சயமாகத் தெரியும், சிரித்தார்.

"எழுதுதா?" என்று கேட்டார்.

"எழுதுதுங்க, மாமா" என்றேன். இது நினைவோடுதான் சொன்னேன்.